மதுபோதை வாகன வழக்கு: ஏடு எங்கே, யாரிடம் கேட்பது?

வெறியில் வாகனம் ஓடிப் பிடிபட்ட வழக்கு ஒன்றின் பதிவை எங்கே, எப்படிப் பெறுவது என்று கேட்டு வன்னியின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: போன வருடம் என் மகன் மோட்டார் சைக்கிளில் வந்தபோது டிப்பர் ஒன்று மோதி இடுப்பு எலும்பு முறிந்தது. ஓடிவந்தவர் வெறியில் இருந்தார் என்று பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது கேட்டால் "கோட்ஸுக்குப் போட்டாச்சு" என்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்கிறார்களில்லை. அந்த ஆளின் பெயரைப் போட்டு இணையத்தில் பார்க்க முடியாதா? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: முடியாது, அம்மா. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஆனால் இத்தகைய வழக்குகள் விளங்கப்படும் நீதவான் நீதிமன்றங்களில் பெயரைப் போட்டு எவரும் தேடக்கூடிய பொதுப் பக்கம் கிடையாது. பெயர் தெரிந்திருப்பது இங்கே பெரிய உதவியும் இல்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியும் இருப்பார்கள். விபத்து நடந்த திகதி, நேரம், இடம், வாகன இலக்கம் என்ற நான்கும்தான் உங்களுக்கு வழி காட்டும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போங்கள். "வழக்கு என்ன மாதிரி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மூன்று விடயங்களை மட்டும் கேளுங்கள்: எந்த நீதிமன்றில் தாக்கல் செய்தீர்கள், நீதிமன்ற வழக்கிலக்கம் என்ன, அடுத்த தவணை எப்போது. பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். பொலிஸ் புத்தகத்திலுள்ள முறைப்பாட்டு இலக்கம் வேறு, நீதிமன்ற இலக்கம் வேறு. பொலிஸ் இலக்கத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவகத்துக்குப் போனால், அப்படி ஒரு வழக்கு இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. விசாரணை நடக்கும் காலத்தில் "பி" அறிக்கை (பொலிஸார் விசாரணை பற்றி நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) இலக்கத்தில் கிடக்கும் விடயம், குற்றச்சாட்டு வந்த பின் புது இலக்கத்துக்கு மாறிவிடும். ஆகவே பழைய "பி" இலக்கம் கையில் இருந்தால், "இது இப்போது எந்த இலக்கத்துக்கு மாறியிருக்கிறது?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். முன்னாலுள்ள எழுத்து, நடுவிலுள்ள கோடு, கடைசியிலுள்ள வருடம் எல்லாவற்றையும் இருந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

வன்னியில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று நான்கு மாவட்டத் தலைநகரங்களிலும் நீதவான் நீதிமன்றம் உண்டு. சாரதியின் ஊரையோ உங்கள் ஊரையோ வைத்து எந்த நீதிமன்று என்று ஊகிக்க வேண்டாம். சம்பவம் எந்தப் பொலிஸ் பிரிவில் நடந்தது என்பதே கணக்கு. ஏ-9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் வருவதற்குள் மாவட்டமே மாறிவிடுகிறது. சில கிலோமீற்றர் தவறினால் நீங்கள் தேடுவது வேறு நீதிமன்றில்.

இலக்கமே கிடைக்கவில்லை என்றால், பொலிஸ் நிலையத்தின் பெயரையும் சந்தேகநபர் முதன்முதலாக முற்படுத்தப்பட்ட நாளையும் சொல்லி நீதிமன்றப் பதிவகத்தில் கேட்கலாம். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பொலிஸ் பிணையில் விட்டிருந்தால் மட்டும் முதல் தவணை பிந்தியிருக்கும். எனவே விபத்து நாளையும் அடுத்த நாளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் மன்று கூடும் வேளையில் போனால் ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவும் நேரமிருக்காது. அமர்வு முடிந்த பின் போங்கள். அன்றன்றைய வழக்குப் பட்டியல் நீதிமன்றில் போடப்பட்டிருக்கும். வழக்குகள் திறந்த நீதிமன்றில்தான் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை. தவணை நாளில் நீங்கள் போய் இருந்து கேட்பதற்கு எவரின் அனுமதியும் தேவையில்லை.

வாயால் கேட்டும் பதில் வரவில்லையெனில் எழுத்தில் கேளுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியளித்தல், பாதுகாத்தல் பற்றிய 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் விசாரணையின் முன்னேற்றத்தையும் வழக்கின் போக்கையும் அறியும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. மகன் வளர்ந்தவர் என்றால் கடிதம் அவர் பெயரில், அவர் கையெழுத்துடன் இருக்கட்டும். பொறுப்பதிகாரிக்கு ஒரு பிரதி, பிரிவின் மேலதிகாரிக்கு ஒரு பிரதி, இரண்டும் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

வழக்கேட்டைப் பார்க்கக் கிடைத்தால் உங்கள் மகனின் காயம் குற்றச்சாட்டில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெறியில் ஓடியது மட்டும் எழுதப்பட்டு, சாரதி முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால், காயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமலே ஏடு மூடப்பட்டுவிடும். இதைத் தவணைகள் நடக்கும்போதே கவனித்தால்தான் ஒரு சட்டத்தரணி மூலம் மன்றின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

நட்டஈடு வேறு வழக்கு. அதை மாவட்ட நீதிமன்றில், விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். "குற்ற வழக்கு முடியட்டும்" என்று காத்திருந்தே பலர் இந்தக் காலத்தைத் தொலைக்கிறார்கள். டிப்பரின் காப்புறுதி நிறுவனமும் காப்புறுதி இலக்கமும் பொலிஸ் குறிப்பில் இருக்கும். அவற்றையும் எழுதி எடுங்கள், வழக்குத் தாக்கலாகும்போது நிறுவனத்துக்கு உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள்.

கேள்வி: எங்களை மோதியவரின் வழக்கில் பிரதி எடுத்துவிட்டோம். "பிரிவு 151" என்று இருக்கிறது. அப்படியென்றால் வெறி வழக்குத்தானே? (செட்டிகுளம் வாசகர்)

பதில்: 151க்குப் பின்னால் அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 151(1) மது அருந்தி ஓடுவது பற்றியது. 151(2) ஆபத்தான விதத்தில் ஓடுவது, 151(3) கவனயீனமாக ஓடுவது. அவை இரண்டிலும் மதுவுக்கு வேலை இல்லை. விபத்தைத் தவிர்க்கத் தவறியதற்கு 149 போடுவார்கள். ஒரே ஏட்டில் நான்கைந்து குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கும், எதற்கு எவ்வளவு தண்டம் என்பது தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதுபோதைக்குத் தண்டம் 25,000 ரூபாவிலிருந்து 30,000 ரூபா வரை. அதனுடன் 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம், அனுமதிப்பத்திரத்தை 12 மாதம் வரை இடைநிறுத்தவும் செய்யலாம். யாராவது மரணமடைந்தாலோ காயப்பட்டாலோ கணக்கு வேறு, இன்னும் கடுமையானது. தண்டத் தொகை சில ஆயிரம் மட்டுமே என்றால் அது மதுக் குற்றச்சாட்டுக்குரிய வரி அல்ல என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதன் பின் சான்றைப் பாருங்கள். ஊதற் குழாயின் நிறம் மாறியதாகப் பொலிஸ் குறிப்பு மட்டும் இருக்கிறதா, வைத்திய அதிகாரியின் பரிசோதனைப் படிவமும் இருக்கிறதா, இரத்த மாதிரி எடுக்கப்பட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்திருக்கிறதா? சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். பகுப்பாய்வு கொழும்புப் பக்கத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் தவணைக்கு மேல் தவணை போவது அதிசயமில்லை. "வெறி மணம் இருந்தது" என்று வைத்தியர் எழுதுவதற்கும் "மதுவின் ஆதிக்கத்தில் இருந்தார்" என்று எழுதுவதற்கும் வழக்கில் வித்தியாசம் பெரிது. காப்புறுதி நிறுவனத்தின் சட்டத்தரணி இந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.

கேள்வி: 2021 இல் மதுபோதையில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினேன். அனுமதிப்பத்திரம் 6 மாதம் நிறுத்தப்பட்டது. இப்போது அக்காவிடம் ரொறன்ரோ போக விசா போட வேண்டும். சின்ன வழக்குத்தானே, எழுதாமல் விடலாமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: விட வேண்டாம். இங்கே சின்ன வழக்கு, கனடாவில் அப்படி இல்லை. 2018 டிசம்பரில் அவர்கள் மதுபோதைச் சாரத்தியத்துக்கான உச்ச தண்டனையை 10 வருடமாக உயர்த்தினார்கள். அதனால் அது குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்ற வகைக்குள் போய்விட்டது. நீங்கள் இங்கே கட்டிய தொகை எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை. இங்கு நிரூபிக்கப்பட்ட செயல் தங்கள் நாட்டில் எந்தக் குற்றத்துக்குச் சமம் என்று ஒப்பிடுகிறார்கள். மறைத்து விண்ணப்பித்து அது வெளிப்பட்டால், பொய் சொன்னதற்காகவே 5 வருடத் தடை விழும். பழைய வழக்கைவிட இது பெரிய தலையிடி.

உங்கள் சொந்த வழக்கு என்பதால் பிரதி எடுப்பதில் தடை இராது. தீர்ப்பு நாளில் தந்த தாளிலோ தண்டப் பற்றுச்சீட்டிலோ வழக்கிலக்கம் இருக்கும். அதைக் கொண்டு பதிவாளருக்கு விண்ணப்பியுங்கள், அல்லது சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் எழுத்தில் செய்யும் கோரிக்கை) போடுங்கள். "வழக்கின் பிரதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கடைசித் தாளை மட்டும் தந்துவிடக்கூடும். குற்றச்சாட்டுப் பத்திரம், குற்றத்தை ஒப்புக்கொண்ட நாளின் குறிப்பு, தண்டனைக் கட்டளை, வைத்திய அறிக்கை, தண்டம் கட்டிய பதிவு, அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்ட நாளும் திருப்பிக் கொடுக்கப்பட்ட நாளும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் பக்கக் கணக்கில் வரும். கையில் வாங்கியதும் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையொப்பமும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் விடுபட்டிருந்தாலும் திரும்ப வர நேரிடும்.

அனுமதிப்பத்திரம் திரும்பிய நாளைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய குற்றத்தால் வந்த நுழைவுத் தடையை நீக்கக் கேட்கும் கனடாவின் "மறுவாழ்வு" விண்ணப்பத்துக்குத் தண்டனை முழுவதும் முடிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். சாரத்தியத் தடை இருந்தால் அந்தத் தடை முடிந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள், தண்டம் கட்டிய நாளிலிருந்து அல்ல. 5 வருடம் ஆகவில்லையென்றால் தற்காலிக வதிவிட அனுமதி என்ற வழி இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது.

வன்னி நீதிமன்றங்களின் ஏடு தமிழில் இருப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெற வேண்டும். பிரிவு இலக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் உள்ளதையும் அவர் விடாமல் எழுதுகிறாரா என்று பாருங்கள். வெளிநாட்டமைச்சின் உறுதிப்படுத்தல் கேட்கப்பட்டால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் உண்டு.

கேள்வி: 2019 இல் பிடிபட்டு ஒரு தவணைக்குப் போனேன். பிறகு கட்டாருக்குப் போய்விட்டேன். இப்போது திரும்பி வந்திருக்கிறேன். இவ்வளவு காலமாகிவிட்டதால் வழக்கு தானாக விழுந்திருக்குமா? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: விழாது. தவணைக்கு வராதவருக்குப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டு, ஏடு திறந்த பிடியாணையுடன் கிடக்கும். உங்களுக்குப் பிணை நின்றவர்களுக்கும் அறிவித்தல் போயிருக்கக்கூடும். அவர்களிடம் முதலில் கேளுங்கள், இலக்கமும் அவர்களிடமே கிடைக்கலாம். நீங்களாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் விசாரிக்க வேண்டாம். ஒரு சட்டத்தரணியைக் கொண்டு ஏட்டைப் பார்ப்பித்து, நகர்த்தல் பத்திரத்துடன் அவருடனேயே மன்றில் முன்னிலையாகுங்கள். கடவுச்சீட்டில் வெளியேறிய, திரும்பிய முத்திரைகள் உள்ள பக்கங்களின் பிரதியும் வேலை ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும். தானாக வந்தவரையும் வீதிச் சோதனையில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் மன்று ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொலிஸ் றிப்போட் கேட்கப்படும்போது இது தடையாக வந்து நிற்கும், அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஒன்றுக்குச் சாரதி எடுக்கிறோம். ஆள் முன்பு வெறியில் ஓடிப் பிடிபட்டவரா என்று பொலிஸில் கேட்டறியலாமா? (வவுனியா வாசகி)

பதில்: தெரிந்த பொலிஸ்காரரிடம் இரகசியமாகக் கேட்பது எல்லோரும் செய்யும் வேலை. அது உங்களுக்கும் சொல்பவருக்கும் நல்லதல்ல. குற்ற வழக்கு, தண்டனை பற்றிய விவரங்கள் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைத் தரவு. அதைவிட, வாய்வழித் தகவல் பிழையாக இருந்தால் ஒரு மனிதனின் பிழைப்பு போகும். தேவையான பத்திரங்களை வேலைக்கு வருபவரைக் கொண்டே எடுப்பியுங்கள்.

அனுமதிப்பத்திரத்தின் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோப் பிரதி வேண்டாம், போனில் உள்ள படமும் வேண்டாம். இடைநிறுத்தப்பட்டவரிடம் மூலம் இராது. "பொலிஸில் இருக்கு" என்றால் அதற்குத் தந்த தண்டப் பத்திரத்தை (தபாலகத்தில் தண்டம் கட்டுவதற்குப் பொலிஸார் எழுதித் தரும் தாள்) கேளுங்கள். அந்தப் பத்திரம் 14 நாளுக்குத்தான் தற்காலிக அனுமதியாகச் செல்லும். மதுபோதைக்கு இப்படித் தபாலகத்தில் கட்டும் உடனடித் தண்டமே கிடையாது, நீதிமன்றுக்குத்தான் போக வேண்டும். ஆகவே தபாலகப் பற்றுச்சீட்டைக் காட்டி "அது அந்த வெறிக் கேஸ், கட்டியாச்சு" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

கிராம அலுவலர் தரும் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தில் நீதிமன்றத் தண்டனை பற்றிய ஒரு வரி உண்டு. அது கிராம அலுவலருக்குத் தெரிந்ததைப் பொறுத்தது. மன்னாரில் பிடிபட்டது நெடுங்கேணி அலுவலருக்குத் தெரிய நியாயமில்லை. எனவே சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசியும் வாங்குங்கள்: தண்டிக்கப்பட்டதில்லை, நிலுவையில் வழக்கில்லை, பிடியாணை இல்லை என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பழைய வழக்கை ஆளே சொல்லிவிட்டால் அதன் பிரதியைக் கேட்டுப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கைது ஒன்று, தண்டனை வேறொன்று. விடுவிக்கப்பட்டவரும் முகநூலில் படத்துடன் கிடப்பார்.

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் வீதிப் பாதுகாப்பு விடயமாகப் பிரதேச செயலகத்தில் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பொலிஸ் பிரிவில் எத்தனை மதுபோதை வழக்குகள் என்று எடுக்க வழியுண்டா? (மல்லாவி வாசகர்)

பதில்: உண்டு. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஆட்களின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், மறுப்பதும் சரி. எண்ணிக்கையைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம், படிவமில்லாத கடிதமும் செல்லும். பிரிவின் தகவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூலச் சான்றை வாங்குங்கள்.

இப்படி எழுதலாம்: "2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தங்கள் நிலையப் பிரிவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 151(1) ஆம் பிரிவின் கீழ் (அ) கைதானோர் தொகை, (ஆ) நீதிமன்றில் தாக்கலான வழக்குகள், (இ) வாகன வகைப்படி அவற்றின் பிரிப்பு, (ஈ) மாதவாரியான பிரிப்பு." பிரிவு இலக்கத்தை எழுதாவிட்டால் தலைக்கவச வழக்கும் சேர்த்துக் கூட்டி ஒரு பெரிய தொகை வரும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" போன்றவை தகவல் கோரிக்கையே அல்ல. இருக்கும் பதிவைத்தான் தருவார்கள், விளக்கம் எழுதித்தரும் கடமை அவர்களுக்கில்லை.

14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனத்திலேயே நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு, அவரும் கைவிட்டால் 2 மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தகவல் தரக் கடமைப்பட்ட "பகிரங்க அதிகாரசபை" என்ற இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன. ஆனால் நடக்கும் வழக்கைப் பற்றிக் கேட்டால் மறுப்பு வரும்.

கேள்வி: 2005 இல் கிளிநொச்சியில் வெறியில் ஓடியதற்குத் தண்டம் கட்டினேன். அந்தப் பதிவு இப்போதைய நீதிமன்றில் இருக்குமா? (பரந்தன் வாசகர்)

பதில்: நீங்கள் தண்டம் கட்டியது விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கிய காவல்துறைக்கும் நீதிமன்றுக்கும் என்றால், அந்த ஏடுகள் இன்றைய நீதிமன்றப் பதிவகத்தின் பகுதியல்ல. இலங்கைச் சட்டத்தில் அது தண்டனைப் பதிவாகவும் கொள்ளப்படாது. வெளிநாட்டுப் படிவம் "எங்கேனும் எப்போதாவது கைதானீர்களா?" என்று கேட்டால் அது வேறு கேள்வி, சட்டத்தரணியிடம் காட்டி நிரப்புங்கள். அதே காலத்தில் வவுனியா நகரில் நடந்த வழக்கென்றால் அரச நீதிமன்ற வழக்கு, அங்கேயே கேட்கலாம். ஏடு அகப்படவில்லை என்று சொன்னால் அதையே பதிவாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: பொலிஸ் தந்த முறைப்பாட்டுப் பிரதி முழுக்கச் சிங்களத்தில். என்ன செய்வது? (மடு வாசகி)

பதில்: வடக்கில் நிருவாகமும் பொதுப் பதிவேடும் தமிழில் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை. தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள். பயன் இல்லையெனில் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அதுவரை, விளங்காத வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கேள்வி: அவர் குடித்தது கள்ளுத்தான், ஓடியது லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) தான். அதற்கும் இந்தச் சட்டமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: ஆம். போத்தலில் என்ன பெயர் இருந்தது என்று சட்டம் கேட்பதில்லை, மதுசாரம் இருந்ததா என்றே கேட்கிறது. லாண்ட்மாஸ்டரும் வீதிக்கு ஏறினால் மோட்டார் வாகனம்தான். குற்றச்சாட்டுப் பத்திரத்தில் அது உழவு இயந்திரம் என்று எழுதப்பட்டிருக்கக்கூடும், தேடும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.